குழந்தைகளில் உயர் இரத்த அழுத்தம்

குழந்தைகளில் உயர் இரத்த அழுத்தம் என்பது, பிறந்தது முதல் பதின்ம வயது முடியும் வரையான பருவத்தில், ஒரு குழந்தையின் வயது, பால், உயரம் ஆகியவற்றுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைக் காட்டிலும் இரத்த அழுத்தம் தொடர்ந்து மிகுந்திருக்கும் நிலை ஆகும். பேச்சு வழக்கில் 'பிரஷர்' எனப்படும் இந்நோய் முதியோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, உலகில் 19 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோரிடம் வெளிப்படையான அறிகுறி எதுவும் காணப்படுவதில்லை. இதயம், சிறுநீரகம், மூளை, கண், தமனிகள் ஆகிய உறுப்புகளில் மாற்றங்கள் ஓசையின்றித் தொடங்கிவிடுவதே இந்நோயின் முதன்மையான இடர் ஆகும்.

வரையறை

இரத்த அழுத்தம் இரண்டு எண்களால் குறிக்கப்படுகின்றது. இதயம் சுருங்கும்போது தமனிகளில் ஏற்படும் உச்ச அழுத்தம் சுருக்க அழுத்தம் என்றும், இதயம் தளரும்போது எஞ்சியிருக்கும் குறைந்த அழுத்தம் விரிவு அழுத்தம் என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் மி.மீ. பாதரசம் என்னும் அலகில் அளக்கப்படுகின்றன. வளர்ந்தோருக்கு 120/80 என்ற எண் பலருக்கும் அறிமுகமானது. குழந்தைகளுக்கு இவ்வாறு ஒரே எண்ணைக் கூற இயலாது. பிறந்த குழந்தையின் அழுத்தம் மிகக் குறைவாக இருந்து, உடல் வளர வளர அதுவும் உயர்கின்றது. ஒரே வயதுடைய இரு சிறுவருள் உயரமானவரின் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதும் இயல்பே.

எனவே குழந்தைகளில் நூற்றுமானம் என்னும் புள்ளியியல் அளவு பயன்படுத்தப்படுகின்றது. ஒரே வயதும் பாலும் உயரமும் உடைய நூறு நலமான குழந்தைகளை அழுத்தத்தின் ஏறுவரிசையில் நிறுத்தினால், 95 ஆம் இடத்தில் நிற்கும் குழந்தையின் அளவு 95 ஆம் நூற்றுமானம் ஆகும். வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்ட மூன்று அளவீடுகளிலும் ஒரு குழந்தையின் அழுத்தம் இந்த அளவை எட்டினாலோ அதனைத் தாண்டினாலோ அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும்.

இவ்வரையறையில் ஒரு நுட்பமான சிக்கல் உள்ளது. வளர்ந்தோருக்கான எல்லை, எந்த அழுத்தத்துக்கு மேல் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுகின்றன என்பதைப் பல்லாயிரம் பேரிடம் பல ஆண்டுகள் கவனித்து வகுக்கப்பட்டது. குழந்தைகளுக்கு மாரடைப்பு ஏற்படுவது மிக அரிது. ஆதலால் அத்தகைய தரவு இங்கு இல்லை. '95 ஆம் நூற்றுமானம்' என்பது மற்ற குழந்தைகளை விட மிகுதி என்று மட்டுமே கூறுகின்றது. அந்த எண்ணில்தான் தீங்கு தொடங்குகின்றது என்று கூறவில்லை. உறுப்புகளில் ஏற்படும் மாற்றங்களை நேரடியாக ஆராய்வது குழந்தை மருத்துவத்தில் இத்துணை முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் இதற்கான முதல் பணிக்குழு அறிக்கை 1977 இல் வெளியானது. அது 1987, 1996, 2004 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. அதன்பின் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017 இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. இவ்வழிகாட்டுதலின் அட்டவணைகள் உருவாக்கப்பட்டபோது மிகை எடை உடைய குழந்தைகளின் அளவீடுகள் நீக்கப்பட்டன. பருமனான குழந்தைகளையும் சேர்த்துச் 'சராசரி' கண்டால் சராசரியே உயர்ந்துவிடும் என்பதே இதன் தருக்கம். இதன் விளைவாக எல்லை எண்கள் சில மி.மீ. குறைந்தன, அதற்கு முதல் நாள் வரை இயல்பானவர் என்று கருதப்பட்ட குழந்தைகள் பலர் நோயர் பட்டியலில் சேர்ந்தனர்.

2017 வழிகாட்டுதலின்படி 13 வயது நிறைந்தவர்களுக்கு அட்டவணை தேவையில்லை. 120/80 க்குக் குறைவானது இயல்பு. சுருக்க அழுத்தம் 120 முதல் 129 வரையும் விரிவு அழுத்தம் 80 க்குக் குறைவாகவும் இருந்தால் உயர்ந்த அழுத்தம். 130/80 முதல் 139/89 வரை முதல் நிலை உயர் இரத்த அழுத்தம். 140/90 அல்லது அதற்கு மேல் இரண்டாம் நிலை. அதற்கும் கீழான வயதினரில், 95 ஆம் நூற்றுமானத்துக்கு மேல் 12 மி.மீ. அல்லது அதற்கு மிகுதியாக இருப்பது இரண்டாம் நிலையாகும். ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தக் கழகத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதனின்று வேறுபட்டு, 16 வயது முதல் வளர்ந்தோருக்குரிய 140/90 என்ற எல்லையைக் கொண்டது. ஆகவே 135/84 அழுத்தம் உடைய 16 வயது மாணவர் ஒருவர் அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு கரையில் நோயர் எனவும் மறுகரையில் நோயற்றவர் எனவும் கருதப்படக்கூடும்.

முழு அட்டவணையைப் பார்க்காமலேயே மேலாய்வு தேவையா என்று அறிய ஒரு சுருக்கப் பட்டியலும் உள்ளது. அதன்படி 5 வயதுச் சிறுவனுக்கு 103/63, சிறுமிக்கு 104/64. 10 வயதுச் சிறுவனுக்கு 108/72, சிறுமிக்கு 109/72 ஆகிய அளவுகளை எட்டினால் முழு அட்டவணையை நோக்க வேண்டும். இவ்வெண்கள் நோயைக் குறிப்பன அல்ல. இருப்பினும், வளர்ந்தோருக்கு 'நல்ல பிரஷர்' எனப்படும் 118/78, ஐந்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு மிகுதி என்பதை இவை விளக்குகின்றன.

அளவிடும் முறை

இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி 1896 இல் கைப்பட்டையுடன் கூடிய பாதரச அழுத்தமானியை அறிமுகப்படுத்தினார். உருசிய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்கோவ் 1905 இல், பட்டையின் காற்றை மெல்ல வெளியேற்றும்போது தமனியில் எழும் ஒலிகளைக் கேட்டு இரு அழுத்தங்களையும் கண்டறியும் முறையை விளக்கினார். குழந்தைகளுக்கும் இம்முறையே இன்றளவும் செந்தரம் ஆகும். தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் சற்று மிகுதியான அளவைக் காட்டுவதால், அவற்றில் உயர்வாக வந்த அளவைச் செவிவழி முறையில் உறுதி செய்தல் வேண்டும்.

குழந்தைகளில் மிகுதியாக நேரும் பிழை கைப்பட்டையின் அளவிலேயே உள்ளது. பட்டையினுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கையின் சுற்றளவில் குறைந்தது 40 விழுக்காடும், நீளம் 80 முதல் 100 விழுக்காடும் இருத்தல் வேண்டும். சிறிய பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகத் தோன்றும். பெரிய பட்டையைச் சிறிய கையில் கட்டினால் இருக்கும் அழுத்தம் மறைந்துவிடும். பருமனான பதின்ம வயதினருக்கு வளர்ந்தோருக்கான பெரிய பட்டையே தேவைப்படலாம். எனவே பட்டையை வயதைக் கொண்டு தேர்ந்தெடுத்தல் ஆகாது. ஓரளவுப் பட்டை மட்டுமே உள்ள மருத்துவமனையில் எடுக்கப்படும் குழந்தையின் அழுத்தம் நம்பத்தக்கதன்று.

குழந்தை முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, 3 முதல் 5 நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் அளத்தல் வேண்டும். வலது கையில் அளப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருக்கும் நோயில், அக்குறுக்கம் இடது கைக்குச் செல்லும் கிளைக்கு அருகில் அமையக்கூடும்; அப்போது இடது கையின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். காலில் அளக்கும் சுருக்க அழுத்தம் பொதுவாகக் கையை விட 10 முதல் 20 மி.மீ. மிகுந்திருக்கும். அது கையை விடக் குறைந்திருந்தால் இக்குறுக்கம் ஐயுறப்படுகின்றது.

மருத்துவரைக் கண்டதும் எழும் அச்சத்தால் மட்டும் அழுத்தம் உயர்வது 'வெள்ளங்கி உயர் இரத்த அழுத்தம்' எனப்படுகின்றது. இதற்கு மாறாக, மருத்துவமனையில் இயல்பாகவும் மற்ற நேரங்களில் உயர்வாகவும் இருப்பது மறைந்த உயர் இரத்த அழுத்தம் ஆகும். இவற்றைப் பிரித்தறிய, 24 மணி நேரமும் குறித்த இடைவெளிகளில் தானே அளந்து பதியும் கருவி குழந்தையின் உடலில் பொருத்தப்படுகின்றது. உறக்கத்தில் அழுத்தம் பகலைக் காட்டிலும் 10 விழுக்காடேனும் தாழ்தல் இயல்பு. சிறுநீரக நோயுற்ற குழந்தைகளில் இத்தாழ்வு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது.

காரணங்கள்

வேறு நோய் எதனாலும் விளையாத உயர் இரத்த அழுத்தம் முதல்நிலை எனவும், மற்றொரு நோயின் விளைவாகத் தோன்றுவது இரண்டாம்நிலை எனவும் வகைப்படுத்தப்படுகின்றது. (இவ்வகைப்பாடு மேலே கூறிய முதல் நிலை, இரண்டாம் நிலை என்னும் அழுத்த அளவுகளிலிருந்து வேறானது, இரு வகைப்பாட்டுக்கும் ஒரே சொற்கள் வழங்குவது மாணவர்களைக் குழப்பக்கூடியது.) ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டால், அதற்கு ஓர் அடிப்படை நோய் இருக்கக்கூடும் என்றே தேடத் தொடங்குவர். பள்ளி வயதினரிலும் பதின்ம வயதினரிலும், குறிப்பாக மிகை எடையும் குடும்ப வரலாறும் இருந்தால், முதல்நிலையே மிகுதி.

இரண்டாம்நிலைக் காரணங்களுள் சிறுநீரக நோய்களே முதலிடம் வகிக்கின்றன. சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதால் ஏற்பட்ட தழும்புகள், பிறவிக் குறைபாடுகள், சிறுநீரக அழற்சி ஆகியன இவற்றுள் அடங்கும். வெப்ப நாடுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கசு பாக்டீரியாவால் தோலில் சீழ்ப்புண் வந்து, 3 முதல் 6 வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் அழற்சியுறுவது இன்றும் காணப்படுகின்றது. காலையில் முகம் வீங்குதல், சிறுநீர் கடுந்தேநீர் நிறமாதல், அளவு குறைதல் ஆகியன அதன் அடையாளங்கள். ஆறிப்போன சிரங்கைப் பெற்றோர் மறந்திருப்பர். மருத்துவர் கேட்டால் மட்டுமே அது நினைவுக்கு வரும்.

சிறுநீரகத் தமனி குறுகுவதாலும் அழுத்தம் உயர்கின்றது. ஆரி கோல்ட்பிளாட் 1934 இல் நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி, உடல் முழுவதும் அழுத்தம் உயர்வதை மெய்ப்பித்தார். இரத்தம் குறைவாக வருவதை உணரும் சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரந்து, ஆஞ்சியோடென்சின் வழியாக அழுத்தத்தை உயர்த்துகின்றது. மேற்கு நாடுகளில் தமனிச் சுவரின் நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு இக்குறுக்கத்துக்கு முதன்மைக் காரணமாக உள்ளது. இந்தியாவில் தக்கயாசு தமனியழற்சி என்னும் நோய் பெரும்பங்கு வகிக்கின்றது. இந்நோயில் மணிக்கட்டு நாடி ஒரு பக்கம் கிடைக்காமலும் போகலாம்.

குறைப்பிரசவத்தில் பிறந்து, தொப்புள்கொடித் தமனி வழியே குழாய் செலுத்தப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் அக்குழாயில் உருவாகும் குருதிக்கட்டி சிறுநீரகத் தமனியை அடைக்கக்கூடும். அண்ணீரகச் சுரப்பியின் கட்டிகள், ஒற்றை மரபணுப் பிறழ்வுகள், உறக்கத்தில் மூச்சுத்தடை, ஸ்டீராய்டு மருந்துகள், மூக்கடைப்பு நீக்கும் சில மருந்துகள் ஆகியனவும் காரணங்களாகும். இருமலுக்கு வீட்டு மருந்தாக வழங்கும் அதிமதுரத்தையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். அதில் உள்ள கிளிசிரைசிக் அமிலம், கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் சிறுநீரக நொதியைத் தடுத்து, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றது. எப்போதேனும் சிறிதளவு உட்கொள்வதால் தீங்கில்லை. நாள்தோறும் நெடுங்காலம் மிகுதியாக உண்பதே இடர்.

முதல்நிலை உயர் இரத்த அழுத்தத்தின் வேர் கருவறை வரை செல்லக்கூடும். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரான்கள், கருவுற்ற 36 ஆம் வாரத்துக்குப் பின் புதிதாக உருவாவதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தை குறைவான நெஃப்ரான்களுடன் வாழ்வைத் தொடங்குகின்றது என்றும், அதுவே பிற்கால உயர் அழுத்தத்துக்கு வழிகோலுகின்றது என்றும் பாரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் 1988 இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். 2003 இல் செருமனியில், விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்கள் எண்ணி ஆராயப்பட்டன. உயர் இரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேரின் ஒரு சிறுநீரகத்தில் இருந்த நெஃப்ரான்களின் இடைநிலை அளவு ஏறத்தாழ 7 இலட்சம். அது இல்லாத பத்துப் பேரில் 14 இலட்சம். இருபது பேரை மட்டும் கொண்ட சிற்றாய்வு என்றாலும், இருமடங்கு வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. எடை குறைந்த பிறப்புகள் மிகுந்துள்ள தெற்காசியாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தியாகும்.

உறுப்புகளின் மீதான விளைவுகள்

இதயம்

உயர் அழுத்தத்துக்கு எதிராக இரத்தத்தை உந்தித் தள்ளும் இடது கீழறையே முதலில் மாற்றமடையும் உறுப்புகளுள் ஒன்று. உள்ளழுத்தம் தாங்கும் எந்தக் கலனிலும் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்த அளவுக்கு ஏற்ப அமைகின்றது. லாப்லாசு விதி எனப்படும் இது கொதிகலனுக்கும் இதயத்துக்கும் பொதுவானது. அழுத்தம் உயரும்போது தகைவை முன்னிருந்த அளவிலேயே வைத்திருக்க வேண்டுமானால் சுவர் தடிக்க வேண்டும். இதயத்தசை இதனையே செய்கின்றது. ஆனால் கொதிகலனின் தகடு போலன்றி, தடித்த தசைக்குக் கூடுதல் ஆக்சிசன் தேவை. தடித்த சுவர் தளர்ந்து விரிவதும் கடினமாகின்றது. தசைநார்களுக்கிடையே நாரிழையம் படிகின்றது. தொடக்கத்தில் தகவமைப்பாக இருந்தது, காலப்போக்கில் நோயாகிவிடுகின்றது.

இத்தடிப்பை எக்கோ எனப்படும் மீயொலி ஆய்வால் அளக்கலாம். இதய மின்னலை வரைபடம் குழந்தைகளில் இதற்குப் போதிய நுண்மை உடையதன்று. ஆகையால் இதற்கென அது பரிந்துரைக்கப்படுவதில்லை. உடல் வளர்ச்சியோடு இதயமும் வளர்வதால், கீழறையின் நிறையை உயரத்தின் 2.7 ஆம் அடுக்கால் வகுத்து ஒப்பிடுகின்றனர். எட்டு வயதுக்கு மேற்பட்டோரில் இந்த எண் 51 கிராமைத் தாண்டினால் அது மிகைவளர்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 1.5 மீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தைக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 152 கிராம் ஆகும். நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரையானோரிடம் முதல் ஆய்விலேயே இம்மிகைவளர்ச்சி இருந்ததாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அழுத்தம் 95 ஆம் நூற்றுமானத்தை எட்டாத பதின்ம வயதினர் சிலரிடமும் இது காணப்பட்டுள்ளது. வரையறையின் எல்லைக்கோடும் தீங்கின் எல்லைக்கோடும் ஒன்றல்ல என்ற ஐயத்தை இது வலுப்படுத்துகின்றது. சிகிச்சையால் அழுத்தம் குறையும்போது இத்தடிப்பும் பெருமளவு குறைவது ஆறுதலான உண்மை.

சிறுநீரகம்

சிறுநீரகம் இந்நோயில் காரணமாகவும் விளைவாகவும் ஒருங்கே விளங்குகின்றது. நெஃப்ரானின் தலைப்பில் கிளாமருலஸ் என்னும் தந்துகி முடிச்சு உள்ளது. அதனுள் நுழையும் நுண்தமனி, வெளியழுத்தம் உயரும்போது சுருங்கி முடிச்சைக் காக்கின்றது. அழுத்தம் நெடுநாள் நீடித்தால் அந்நுண்தமனியின் சுவர் தடித்துக் காப்புத்திறன் குன்றுகின்றது. உயர் அழுத்தம் நேரே முடிச்சைத் தாக்க, அதன் வடிகட்டும் சுவர் பழுதுற்று, அல்புமின் புரதம் சிறுநீரில் கசிகின்றது. சிறுநீரில் சிறிதளவு அல்புமின் தோன்றுவது சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க அடையாளமாகும்.

சில முடிச்சுகள் தழும்பாகி அழிந்தால் அவற்றின் பணி எஞ்சியவற்றின் மேல் விழுகின்றது. எஞ்சியவை மிகை வேலையால் மேலும் அழிகின்றன. அழுத்தம் மேலும் உயர்கின்றது. பொறியியலில் நேர்ப் பின்னூட்டம் எனப்படும் சுழல் இதுவே. எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாலன்றி இது தானே நிற்பதில்லை.

அச்சுழலை அறுக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று, ஐரோப்பாவில் 33 மருத்துவ மையங்களில் நடைபெற்று 2009 இல் முடிவுகள் வெளியான எஸ்கேப் ஆய்வு ஆகும். நாட்பட்ட சிறுநீரக நோயுற்ற, 3 முதல் 18 வயது வரையான 385 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் ராமிப்ரில் மருந்து வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 50 ஆம் நூற்றுமானத்துக்கும் கீழே கொண்டுவரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு 50 க்கும் 95 க்கும் இடையே வைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் சிறுநீரகத்தின் வடிதிறன் பாதியாகக் குறைந்தோர் அல்லது இறுதிநிலைச் செயலிழப்பை அடைந்தோர் முதற்பிரிவில் 29.9 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 41.7 விழுக்காடு. 'இயல்பான' அழுத்தம் என்பதே இக்குழந்தைகளுக்குப் போதாது, அதனினும் தாழ்வாக வைத்தல் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. குருதித் தூய்மிப்பும் மாற்றுச் சிறுநீரகமும் எளிதில் கிட்டாத நாடுகளில், ஒரு குழந்தைக்குச் சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைப்பதன் பொருள் மிகப் பெரிது.

மூளை

மூளையின் நுண்தமனிகள் அழுத்தத்துக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் இரத்த ஓட்டத்தை நிலையாக வைத்திருக்கின்றன. அழுத்தம் திடீரென இவற்றின் ஆற்றலைக் கடந்து உயர்ந்தால், தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்குகின்றது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு ஆகியன அப்போது தோன்றுகின்றன. மூளையின் பின்பகுதியே பெரிதும் பாதிக்கப்படுவதால் சில குழந்தைகள் தற்காலிகமாகப் பார்வை இழப்பதும் உண்டு. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் இம்மாற்றங்கள் தெளிவாகத் தெரியும். 1996 இல் ஒரு தனித் தொகுப்பாக விவரிக்கப்பட்ட இந்நிலை, உரிய நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் முற்றிலும் சீராகிவிடுகின்றது. முன்பு வலிப்பு இல்லாத பள்ளிச் சிறுவனுக்குத் திடீரென வலிப்பு வந்தால், அவனது இரத்த அழுத்தத்தையும் அளத்தல் வேண்டும். சிறுநீரக அழற்சியின் முதல் வெளிப்பாடாகவும் அது இருக்கலாம்.

மெல்ல நிகழும் பாதிப்பு இதனினும் நுட்பமானது. உயர் இரத்த அழுத்தம் உடைய குழந்தைகள், நினைவில் எண்களை வரிசைப்படுத்தல், கவனத்தை ஒருமுகப்படுத்தல், திட்டமிடல் போன்ற தேர்வுகளில் சராசரியாகச் சற்றுப் பின்தங்குவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. உடற்பருமன், உறக்கக் குறைவு, குடும்பச் சூழல் ஆகியவற்றின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம் ஆகையால், இவ்வொரு காரணத்தைக் கொண்டு ஒரு மாணவரின் மதிப்பெண்ணை விளக்க முற்படுதல் பொருந்தாது.

கண்

உடலைக் கிழிக்காமலே நுண்தமனிகளைக் கண்ணால் காணக்கூடிய இடம் விழித்திரை மட்டுமே. உயர் அழுத்தத்தில் அங்குள்ள நுண்தமனிகள் குறுகுகின்றன. கடுமையான நிலையில் இரத்தக்கசிவும் பார்வை நரம்புத் தட்டின் வீக்கமும் தோன்றுகின்றன. இம்மாற்றங்களைத் தரம் பிரிக்கும் கீத்து-வாகனர்-பார்க்கர் முறை 1939 இல் வெளியானது. குழந்தைகளில் கடுமையான மாற்றங்கள் அரிது. கடும் உயர் அழுத்தம் சில குழந்தைகளில் முக நரம்பு வாதமாக வெளிப்படுவதும் உண்டு. முகம் கோணியதற்குக் காற்றுப்பட்டதைக் காரணம் கூறி, அழுத்தம் அளக்கப்படாமலே விடப்படும் வாய்ப்பு இங்குள்ளது.

தமனிகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள போகலூசா என்னும் சிற்றூரின் குழந்தைகளை, செரால்டு பெரன்சன் தலைமையிலான குழு 1970களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. அவ்வூரில் பெரும்பாலும் விபத்துகளால் உயிரிழந்த, 2 முதல் 39 வயது வரையான 204 பேரின் பிணக்கூறாய்வு முடிவுகள் 1998 இல் வெளியாயின. அவர்களுள் 93 பேரின் எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு முதலியன உயிருடன் இருந்தபோதே பதிவு செய்யப்பட்டிருந்தன. ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதோரின் இதயத் தமனி உட்பரப்பில் 1.3 விழுக்காடு மட்டுமே கொழுப்புக் கீற்றுகளால் மூடியிருந்தது. மூன்று அல்லது நான்கு காரணிகள் உடையோரில் அது 11 விழுக்காடாக இருந்தது. தமனித் தடிப்பு நாற்பது வயதுக்கு மேல் தொடங்கும் நோய் என்ற கருத்தை இது பெரிதும் மாற்றியது.

உயிருடன் உள்ள குழந்தைகளில் கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை மீயொலியால் அளந்தும், நாடி அலை பரவும் வேகத்தைக் கணித்தும் தமனியின் நிலை அறியப்படுகின்றது. விறைத்த தமனியில் அலை விரைந்து செல்லும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

சிறுநீர் ஆய்வு, இரத்தத்தில் கிரியாட்டினின், உப்புகள், கொழுப்பு ஆகியவற்றின் அளவு முதலியன தொடக்க ஆய்வுகளாகும். ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கும் சிறுநீரகக் கோளாறு ஐயுறப்படுவோருக்கும் சிறுநீரக மீயொலி ஆய்வு செய்யப்படுகின்றது. பச்சிளங்குழந்தைகளில் எடை கூடாமை, ஓயாத அழுகை, பாலருந்தும்போது மூச்சிரைப்பு ஆகியன மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம்.

முதல்நிலை உயர் அழுத்தத்துக்கு உணவும் உடற்பயிற்சியுமே முதற்சிகிச்சை. வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், 30 முதல் 60 நிமிடம் வேர்க்க விளையாடுதல் பரிந்துரைக்கப்படுகின்றது. உலக நலவாழ்வு அமைப்பு வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பை வரையறுக்கின்றது; குழந்தைகளுக்கு அவர்களின் ஆற்றல் தேவைக்கேற்ப அதனினும் குறைவு. தமிழ்க் குடும்பங்களில் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றுடன் பொட்டலத் தின்பண்டங்களும் சேர்ந்துகொண்டன. குழந்தைக்கு மட்டும் உப்பைக் குறைத்துச் சமைப்பது நடைமுறையில் நிலைப்பதில்லை. குடும்பம் முழுவதும் குறைத்தால்தான் அது நீடிக்கும்.

இவற்றால் குறையாத அழுத்தம், இரண்டாம் நிலை அழுத்தம், உறுப்புப் பாதிப்பு, சிறுநீரக நோய், நீரிழிவு ஆகிய நிலைகளில் மருந்து தேவைப்படுகின்றது. ஆஞ்சியோடென்சின் மாற்று நொதித் தடுப்பிகள், ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பிகள், அம்லோடிபின் போன்ற நீண்டநேரம் செயற்படும் கால்சியத் தடுப்பிகள், தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள் ஆகியவற்றுள் ஒன்று முதலில் தரப்படுகின்றது. முதலிரு வகைகளும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்வதால், பருவமெய்திய சிறுமியருக்கு அவற்றைத் தருமுன் இதனை விளக்குதல் வேண்டும்.

உயிருக்கு இடர் தரும் நெருக்கடி நிலையில் அழுத்தத்தை ஒரேயடியாக இயல்புக்குக் கொண்டுவருதல் கூடாது. உயர் அழுத்தத்துக்குப் பழகிவிட்ட மூளையும் பார்வை நரம்பும் திடீர் வீழ்ச்சியில் இரத்தமின்றி நிலையாகப் பழுதுறக்கூடும். ஆகவே குறைக்கத் திட்டமிட்ட அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் முதல் 8 மணி நேரத்திலும், எஞ்சியதைப் பின்னர்ப் படிப்படியாகவும் குறைக்கின்றனர்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அளக்க வேண்டுமா?

2017 வழிகாட்டுதல், மூன்று வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் அழுத்தம் அளக்கப் பரிந்துரைக்கின்றது. உடற்பருமன், நீரிழிவு, சிறுநீரக நோய், பெருந்தமனிக் குறுக்கம் உடையோருக்கும், அழுத்தத்தை உயர்த்தும் மருந்து உட்கொள்வோருக்கும் ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் அளக்க வேண்டும் என்கின்றது. ஆனால் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2020 இல், அறிகுறியற்ற குழந்தைகள் அனைவருக்கும் அளப்பதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. அளக்க வேண்டாம் என்று அக்குழு கூறவில்லை என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

ஐயப்படுவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருமுறை உயர்வாக வந்த அளவு, மீண்டும் அளக்கும்போது பெரும்பாலான குழந்தைகளில் இயல்பாகிவிடுகின்றது. தவறான அளவினால் நலமான குழந்தை நோயாளி ஆக்கப்படலாம். மறுபுறம், 2022 இல் வெளியான ஒரு கூட்டாய்வு, ஆத்திரேலியா, பின்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குழந்தைப் பருவத்தில் அளவிடப்பட்ட 38,589 பேரைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்தது. சிறுவயதில் சுருக்க அழுத்தம், உடல் எடை, இரத்தக் கொழுப்பு ஆகியன மிகுந்திருந்தோருக்கும் புகைத்தோருக்கும் நடுவயதில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக ஏற்பட்டன. சிறுவயதிலேயே சிகிச்சை அளித்தால் இவை குறையுமா என்பதை நேரடியாக மெய்ப்பிக்க, குழந்தைகளை இரு பிரிவாக்கி நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தகைய ஆய்வு நடைபெறுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இதயத் தடிப்பு, அல்புமின் கசிவு போன்ற இடைக்கால அடையாளங்களைக் கொண்டே மருத்துவர்கள் முடிவெடுத்து வருகின்றனர்.